தனியாகப் போவதற்கான ஆயத்தங்கள்

நம் சிறுபத்திரிகைகளுக்கு வருகிற கவிதைகளில் அதிகம் புழங்கித் தேய்ந்த சொல் எது என்று யாராவது கணக்கெடுத்தால் 'தனிமை' முதலில் வரும் என்று நினைக்கிறேன். 'மௌனம்' இரண்டாவதாக வரலாம். 'எழுத்து' காலத்திலேயே ஆரம்பித்தது இது. எழுபதுகளின் நடுவில் எஸ்.வி. ராஜதுரையின் புத்தகம் வழியாக எக்ஸிஸ்டென்ஷியலிஸம் நமக்குப் பரிச்சயமான பிறகு இந்தச் சொல்லுக்கு ஒரு தத்துவ கௌரவமும் சேர்ந்துகொண்டது. அறையில் ஃபேன் சுற்றுகிறது. சுவரில் பல்லி. கவிஞன் தனியாக இருக்கிறான். அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தது யார் என்பது கவிதையில் வராது. வந்தே ஆக வேண்டும் என்று நான் கட்டளை போடவில்லை. ஆனால் அந்தக் காபி எங்கிருந்தோ வந்திருக்கிறது என்ற பிரக்ஞைகூட இல்லாத கவிதையில் தனிமை ஒரு பாவனையாக மட்டுமே எஞ்சுகிறது என்று எனக்குப் படுகிறது.

இந்தச் சொல்லோடு ஒரு வருஷமாக எனக்கு வேறுவிதமான கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டிருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் வங்கி குமாஸ்தாவாக இருக்கிற நான், வருகிற செப்டம்பர் கடைசியில், மழை ஓய்ந்த பிறகு, கங்கோத்ரியிலிருந்து கோமுகம் வரை தனியாக நடந்து திரும்புவது என்று தீர்மானித்திருக்கிறேன். குழுவோ ஏற்பாட்டு நிறுவனமோ கிடையாது. கையில் உள்ள பணத்துக்குள் முடிக்க வேண்டும். கவிதையில் தனிமைக்கு முன்னேற்பாடு எதுவும் தேவைப்படுவதில்லை. மலையில் தேவைப்படுகிறது. ஒரு நோட்டில் அந்த ஏற்பாடுகளைப் பட்டியல் போட ஆரம்பித்தேன். எழுத எழுத 'தனியாக' என்ற சொல்லுக்குள்ளிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டே இருந்தார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மலைக்குப் போய்வந்தவர்கள் எழுதியது நிறைய இருக்கிறது. போவதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி அவர்கள் ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

தாமிரபரணியின் எட்டாவதும் கடைசியுமான அணைக்கட்டு எங்கள் ஊரில் இருக்கிறது. ஒரு நதி முடியப்போகிற இடத்தைச் சேர்ந்தவன் இன்னொரு நதி ஆரம்பிக்கிற இடத்தைப் பார்க்கப் போவதில் குறியீடு இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். குறியீட்டுக்காகப் போவதென்றால் தாமிரபரணியின் தலைமாட்டுக்கே போயிருக்கலாம். பொதிகையில் அகத்தியர்கூடம் 1,868 மீட்டர்தான். ஆனால் கேரள வனத்துறை வருஷத்தில் சில வாரங்கள் திறந்துவிடும்போது அனுமதி வாங்கி, வழிகாட்டியோடுதான் அங்கே போக முடியும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்த பிறகு தமிழ்நாட்டிலும் விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளை மலைநடைக்கென்று திறந்தது. அவற்றிலும் வழிகாட்டி உண்டு. நேபாளம் 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமல் மலைநடை போகக்கூடாது என்று விதி செய்தது. உலகம் முழுவதும் தனியாக மலையேறுகிறவனுக்கான இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. கோமுகத்துக்கு இன்னும் தனியாக நடக்கலாம். தேசியப் பூங்கா அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், நாளுக்கு 150 பேர்தான் என்ற வரம்பு இருக்கிறது, அவ்வளவே.

2

கங்கோத்ரி மூவாயிரம் மீட்டருக்குச் சற்று மேலே. அங்கிருந்து 14 கிலோமீட்டர் நடந்தால் போஜ்பாஸா, சுமார் 3,800 மீட்டர். இன்னும் 4 கிலோமீட்டர் போனால் பனிப்பாளத்தின் வாய். ஏறக்குறைய 4,000 மீட்டர். எங்கள் ஊரோ கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்கள் மேலே இருக்கிறது. பிறந்ததிலிருந்து கடலோரக் காற்றையே சுவாசித்துப் பழகிய நுரையீரல் என்னுடையது.

உயரத்தில் பிராணவாயு குறைவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரியாகச் சொன்னால், காற்றில் அதன் விகிதம் தூத்துக்குடி துறைமுகத்திலும் கோமுகத்திலும் ஒன்றுதான், நூற்றுக்கு 21. குறைவது காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரச அளவு இருப்பது 4,000 மீட்டரில் சுமார் 460 ஆகிவிடுகிறது. ஒரு மூச்சில் கிடைப்பது இங்கே கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்கு. இதில் பயப்பட வேண்டிய விஷயம் மூச்சு வாங்குவது அல்ல. நம் நிதானம் தவறுவது நமக்கே தெரியாமல் போவது. 1875இல் பிரான்சில் 'ஸெனித்' என்ற பலூனில் மூன்று பேர் ஏறினார்கள். பிராணவாயு நிரப்பிய பைகள் கையெட்டும் தூரத்தில் இருந்தன. அவற்றை எடுத்து உறிஞ்ச வேண்டிய வேளை வந்தபோது கைகள் அசையவில்லை. இருவர் இறந்துபோனார்கள், பிழைத்தவர் திஸ்ஸாந்தியே ஒருவர்தான். உயரம் முதலில் தாக்குவது தீர்ப்பளிக்கிற புத்தியை. தலைவலி, குமட்டல் என்ற அளவில் ஆரம்பித்து, தடுமாறி நடக்கிற கட்டம் வந்துவிட்டால் உடனே கீழே இறங்க வேண்டும். ஆனால் இறங்க வேண்டும் என்று முடிவுசெய்ய வேண்டிய உறுப்பே பழுதாகிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் "என்னப்பா, கால் கோணுது" என்பார். தனியாகப் போகிறவனுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் கடற்கரையின் ஞாபகம் வந்தது. கொற்கை எங்கள் ஊருக்குக் கிழக்கே பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது. முத்துக்குப் பேர்போன பழைய துறைமுகம். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப்போய், இன்று வயலுக்கும் குளத்துக்கும் நடுவில் கிடக்கிறது. தூத்துக்குடியில் அரசாங்கம் 1955இலிருந்து தொடர்ச்சியாக முத்துக்குளிப்பு நடத்தி வந்து 1961இல் நிறுத்தியது. அதன்பிறகு அங்கே முத்துக்குளிப்பு இல்லை, சங்குகுளிப்பு இருக்கிறது. முத்துக்குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு ஒரே மூச்சில் இறங்கினார்கள். ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷம். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியைக் கூடையில் அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும்.

மேலே போகிறவனையும் கீழே போகிறவனையும் ஏமாற்றுவது ஒரே வாயுதான். மூச்சு முட்டுகிற உணர்வை நமக்குத் தருவது பெரும்பாலும் பிராணவாயுக் குறைவு அல்ல, ரத்தத்தில் சேர்கிற கரியமில வாயு. மூழ்குவதற்கு முன்னால் வேகவேகமாக மூச்சுவிட்டு அதை அளவுக்கு மேல் வெளியேற்றிவிட்டால், நீருக்கடியில் முட்டல் தெரியாமலே நினைவு தப்பிவிடும். மலையில் உடம்பு தானாகவே வேகமாக மூச்சுவிட்டு அதே வாயுவை இழக்கிறது. இரவில் தூங்கும்போது மூளை, போதும் நிறுத்து என்கிறது. சில நொடிகள் மூச்சு நின்று, திடுக்கென்று மறுபடி ஆரம்பிக்கிறது. சிறுநீரகம் சில நாட்களில் ரத்தத்தைச் சரிக்கட்டுகிறது. அந்தச் சில நாட்களைக் கொடுப்பதற்குத்தான் மெதுவாக ஏறச் சொல்கிறார்கள்: மூவாயிரத்துக்கு மேலே இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கொண்டு. அஸிடஸோலமைடு மாத்திரை அந்தச் சரிக்கட்டலைத் துரிதப்படுத்துகிறது. டாக்டரைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அது நாட்களுக்கு மாற்று இல்லை.

முத்துக்குளிப்பில் இன்னொரு விஷயம் உண்டு. நீருக்குள் இருப்பவனின் கயிற்றைத் தோணியில் ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார். கயிறு அசைந்தால் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனன்தான் பிடிப்பான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கூடப் பிறந்த அண்ணன் தம்பியானால் சொத்தில் பங்கு கூடுமே என்று ஒரு நொடி யோசிக்கலாம். மனைவியின் சகோதரன் யோசிக்கமாட்டான்; இழுக்கத் தவறினால் தாலியறுப்பது அவன் அக்கா அல்லது தங்கை. இந்த வழக்கத்தை நாம் பாசத்தின் உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதில் தெரிவது பாசத்தைவிட மிகத் தெளிவான ஒரு கணக்கு. தனியாக இறங்குகிறவனுக்கு யார்மேல் நம்பிக்கை வைப்பது என்ற கேள்விக்கு உறவுமுறையைப் பரிசீலித்துக் கண்டுபிடித்த விடை அது.

3

உயரத்துக்குப் பழகுவது ஸ்ரீவைகுண்டத்தில் சாத்தியமில்லை. கால்களையும் இதயத்தையும் தயார்செய்யலாம். கால் பலமாக இருப்பவனுக்கு மலைநோய் வராது என்றில்லை. வேகமாக ஏறிவிடுவான் என்பதால் அவனிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்கிறார்கள். ஆனாலும் கால் வேண்டும்.

தட்டையான ஊரில் மலைக்குத் தயார்செய்வது எப்படி? அதிகாலையில் ஆற்றங்கரை வழியாக ஒரு மணி நேரம் வேகநடை. சாயங்காலம், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் படிகளில் முதுகுப்பையோடு நாற்பது தடவை. பையில் செங்கலை வைப்பதைவிடத் தண்ணீர் பாட்டில்களை வைப்பது நல்லது. மேலே ஏறியதும் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டியில் ஊற்றிவிட்டு, முழங்காலுக்குப் பாரமில்லாமல் இறங்கலாம். முழங்கால்கள் கெடுவது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில். ஆரம்பத்தில் ஐந்து கிலோ, இப்போது பத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரைமொழித் தேரிக்குப் போகிறேன். செம்மணல் மேட்டில் கால் கணுக்கால்வரை புதையும். ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும். பனிப்பாளத்துக்குக் கீழே கிடக்கிற சரளைக்கல் சரிவில் நடப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கள் ஜில்லாவில் இல்லை.

தேரியில் பனைகள் நிற்கின்றன. பனையேற ஆள் குறைந்துவிட்ட காலம் இது. இருந்தும் பதநீர்க் காலத்தில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். காலில் தளைநாரும் இடுப்பில் அருவாப்பெட்டியுமாக மேலே போகிறவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். மரத்துக்கு ஐம்பது அடி என்று வைத்துக்கொள்வோம். முப்பது மரம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. மூவாயிரம் அடி, அதாவது 900 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கங்கோத்ரிக்கும் கோமுகத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் அவ்வளவுதான். நான் ஒரு வருஷம் ஆயத்தம் செய்து, இரண்டு நாளில் ஏறப்போகிற உயரத்தை அவர் ஒரே நாளில் ஏறி இறங்குகிறார், மறுநாளும் ஏறுகிறார், ஆறு மாதம் ஏறுகிறார். அவர் ஏறுவது தனியாகத்தான். மர உச்சியில் மட்டைகளுக்கு நடுவே இரண்டாவது ஆளுக்கு இடம் கிடையாது.

இதை ஒரு சமூகவியல் கண்ணீராக யாரும் வாசிக்க வேண்டாம். என் கேள்வி இலக்கியம் சார்ந்தது. கீழே கடலடியில் ஒருவர், மேலே பனையுச்சியில் ஒருவர். இந்தக் கரையில் தொழிலே செங்குத்தாக நடக்கிறது, அதுவும் தனியாக, மூச்சையும் பிடியையும் நம்பி. இத்தனை தலைமுறைகளாக நடந்துவந்திருக்கிற இந்தத் தனிமை நம் நவீன கவிதையின் 'தனிமை'க்குள் ஏன் நுழையவில்லை? நாம் அந்தச் சொல்லைப் பிரெஞ்சு நாவல்களிலிருந்து எடுத்தோம் என்பது பாதிப் பதில். மறு பாதி, வேலையிலிருக்கிறவனின் தனிமையை நாம் தனிமையாகவே கணக்கில் எடுப்பதில்லை என்பது. ஓய்விலிருக்கிறவன் உணர்ந்தால்தான் அது அனுபவமாகிறது. நான் போகிற மலைநடையும் ஓய்விலிருக்கிறவனின் காரியம்தான். அதனால்தான் அதற்கு 'ஸோலோ' என்று ஒரு பெயர் இருக்கிறது. பனையேறியின் ஏற்றத்துக்கு அப்படிப் பெயர் இல்லை.

4

இனி பணம். குழுவோடு போவதைவிடத் தனியாகப் போவது மலிவு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நோட்டைத் திறந்து எழுதிப் பார்த்தால் அது நிற்பதில்லை. அறை வாடகை ஒருவருக்கும் இருவருக்கும் ஒன்றுதான். ஜீப்பைத் தனியாக அமர்த்த முடியாது; பத்துப் பேர் சேரும்வரை ஷேர் ஜீப் நிற்கிற இடத்தில் காத்திருக்க வேண்டும். அடுப்பு, கூடாரம், மருந்துப் பெட்டி எதையும் பங்கு போட்டுச் சுமக்க ஆள் இல்லை. ஒருவன் எல்லாவற்றையும் தூக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். மலிவாகத் தனியே போவதென்றால் விட்டுவிடுவதுதான்.

கூடாரத்தை விட்டேன், போஜ்பாஸாவில் ஆசிரமமும் அரசு விடுதியும் உண்டு. அடுப்பை விட்டேன், அவர்கள் போடுகிற சாப்பாடு போதும். படுக்கைப் பையை உத்தரகாசியில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். 1965இல் தொடங்கப்பட்ட நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அந்த ஊரில் இருப்பதால் மலைச் சாமான்கள் அங்கே கிடைக்கின்றன. காசை மிச்சம்பிடிக்கக்கூடாத இடம் ஷூ. கிளம்புகிற வாரத்தில் புது ஷூ வாங்கினால் கொப்புளம்தான். ஆறு மாதம் முன்பே வாங்கித் தேரி மணலில் போட்டுப் பழக்கியிருக்கிறேன். பருத்திச் சட்டை நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். எனவே உள்ளே செயற்கை நூல் பனியன், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேலே மழைக்கோட்டு. தெற்கே ஸ்வெட்டர் வாங்குவது சிரமம். ஊட்டியில் வேலைபார்த்துவிட்டு மாற்றலாகி வந்த சக ஊழியர் ஒருவர் தன்னுடையதைக் கொடுத்தார். திருநெல்வேலியிலிருந்து டில்லிக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸில் இரண்டாம் வகுப்புப் படுக்கை. அங்கிருந்து ரிஷிகேசம், உத்தரகாசி, ஹர்ஸில், கங்கோத்ரி என்று பஸ்ஸும் ஜீப்பும். கங்கோத்ரியில் இரண்டு இரவு சும்மா இருப்பதற்கான செலவையும் சேர்த்து இருபத்தோராயிரம் ரூபாயில் நிற்கிறது. அந்த இரண்டு இரவுகள்தான் என் பட்டியலிலேயே அவசியமான செலவு. ஆனால் கையில் காசு குறையும்போது முதலில் வெட்டத் தோன்றுவது அவற்றைத்தான்.

இந்தக் கணக்கில் வராத செலவு ஒன்று இருக்கிறது. பதினாறு நாள் நான் இல்லாத வீட்டில் மகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதும், அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பதும், இரவு மின்சாரம் போனால் எழுந்து பார்ப்பதும் ஒருத்திமேல் விழுகிறது. கௌண்டரில் என் இடத்தில் உட்காரப்போகிறவர் தீபாவளிக்கு நான் ஈடுகட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறார். தனியாகப் போகிறவனின் செலவில் கணிசமான பகுதியை மற்றவர்கள் கொடுக்கிறார்கள். பேரேட்டில் அதற்குத் தலைப்பு கிடையாது.

மலையேற்றத்தின் சரித்திரத்திலும் இதே கதைதான். சிக்கனமாக மலையேறுவதற்கு முன்னோடிகள் என்று ஷிப்டனையும் டில்மனையும் சொல்வார்கள். 1934இல் ரிஷிகங்கைப் பள்ளத்தாக்கு வழியாக நந்தாதேவியின் உள்வட்டத்துக்குள் முதன்முதலாக நுழைந்தவர்கள். பெரிய படையெடுப்புகளைக் கேலிசெய்து, இரண்டு பேர் போதும் என்று நிரூபித்தவர்கள் என்று ஞாபகத்தில் நிற்கிறார்கள். உள்ளே போனது ஐந்து பேர். ஆங் தார்க்கே, பாஸாங், குஸாங் என்ற மூன்று ஷெர்பாக்களும் அதே சுமையைச் சுமந்து, அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு உடன் இருந்தார்கள். இதை ஷிப்டனே மறைக்காமல் எழுதினார். மறந்தது வாசகர்கள்.

அதே 1934இல் மாரிஸ் வில்ஸன் என்ற யார்க்‌ஷயர்க்காரர் எவரெஸ்டைத் தனியாக ஏறுவதற்காக வந்தார். உபவாசமும் பிரார்த்தனையும் போதும் என்பது அவர் நம்பிக்கை. விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, சிறு விமானம் ஒன்றில் 1933இல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் பறந்து வந்தார். அனுமதி மறுக்கப்பட்டதும் பௌத்தத் துறவி வேஷத்தில் டார்ஜிலிங்கிலிருந்து திபெத்துக்குள் நடந்தார். அவரோடும் மூன்று பேர் போனார்கள், வழிகாட்டவும் சுமை தூக்கவும். வடக்குக் கணவாய்க்குக் கீழே அவர் இறந்துகிடந்ததை அடுத்த வருஷம் ஷிப்டனின் குழு கண்டது. 1980 ஆகஸ்டில் மெஸ்னர் பிராணவாயு உருளை இல்லாமல் எவரெஸ்ட் உச்சியைத் தனியாகத் தொட்டார். மறுக்கமுடியாத சாதனை அது. கீழே முகாமில் நேனா ஹோல்கின் அவருக்காகக் காத்திருந்தார். இதையெல்லாம் அந்தச் சாதனைகளைக் குறைத்துக்காட்டச் சொல்லவில்லை. 'தனியாக' என்ற சொல் எங்கே உண்மை, எங்கிருந்து மிகை என்று கோடு கிழிக்க முடியுமா என்று பார்க்கிறேன். உச்சிக்கு முந்தைய சில மணி நேரம் அது உண்மை. அதற்கு முன்னும் பின்னும் தோணியில் யாரோ கயிறு பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

5

தமிழில் இமயத்துக்குத் தனியாகப் போக முயன்றவர் என்றால் எனக்குத் தெரிந்து அப்பர்தான் முதலில் வருகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்கிறபடி, காளத்தியைத் தரிசித்ததும் கயிலையை இருந்த கோலத்தில் காண வேண்டும் என்ற ஆசை அவருக்கு வருகிறது. தள்ளாத வயது. காசிவரை உடன் வந்தவர்களை அங்கே விட்டுவிட்டுத் தனியே போகிறார். பாதம் தேய்ந்ததும் கையால் தவழ்கிறார். கை தேய்ந்ததும் மார்பால் நகர்கிறார். அதுவும் முடியாமல் உருள்கிறார். கடைசியில் அசைவற்றுக் கிடக்கிறார். முனிவர் வேஷத்தில் வந்த சிவன், திரும்பிப் போ என்கிறார். மறுக்கிறார் அப்பர். பிறகு ஒரு பொய்கையைக் காட்டி, இதில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்திரு என்கிறார். அவ்வாறே மூழ்கி எழுகிறார்.

ஆயத்தம் செய்கிறவன் கண்ணோடு படித்தால் இந்தக் கதையில் இரண்டு விஷயங்கள் தட்டுப்படுகின்றன. ஒன்று, அவரைக் காப்பாற்றியது திரும்பிப் போகச் சொன்ன ஒரு குரல். மலைநோய்க்கு நவீன மருத்துவம் சொல்கிற வைத்தியமும் அதுதான், கீழே இறங்கு. தனியாகப் போகிறவன் அந்தக் குரலை முன்கூட்டியே எழுதி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். என்னுடைய சீட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: தலைவலி வந்தால் அதற்குமேல் ஏறக்கூடாது, வாந்தி வந்தாலோ, நேர்கோட்டில் அடிமேல் அடி வைக்க முடியாவிட்டாலோ, எத்தனை மணியானாலும் இறங்க வேண்டும், பிற்பகல் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். நல்ல புத்தியோடு இருக்கிற நான், புத்தி மங்கப்போகிற எனக்குப் போடுகிற உத்தரவு இது.

மற்றது இலக்கியம். குளத்திலிருந்து எழுந்த அப்பர் அங்கே கண்டதாகப் பதிகத்தில் பாடுவது ஜோடிகளை. யானை தன் துணையோடு வருகிறது, சேவல் பெட்டையோடு வருகிறது, குயிலும் மயிலும் நாரையும் தத்தம் இணையோடு வருகின்றன. தனியாகப் போய், தோல் தேய்ந்து, தோற்றுத் திரும்பிய ஒரு மனுஷனின் கண்ணில் முதலில் படுவது இணைகள். தன் தனிமையைப் பற்றி அந்தப் பதிகத்தில் அவர் புலம்பவில்லை. யாரும் பக்கத்தில் இல்லாத தூரத்தை நிஜமாகவே கடந்தவனுக்குத்தான் இந்தப் பார்வை வாய்க்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் அறைத் தனிமைக் கவிதைகளுக்கு அது வாய்க்காததற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. அவை எங்கிருந்தும் திரும்பி வரவில்லை.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் வடக்கே போயிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் காசிக்குப் போய் அங்கே மடம் நிறுவினார். அவர் தருமபுரத்து மாசிலாமணி தேசிகரின் சிஷ்யர். போகச் சொன்னது குரு. கயிற்றின் ஒரு நுனி தருமபுரத்தில் இருந்தது.

6

2023 டிசம்பர் 17இல் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். ஏறக்குறைய இரண்டு நாள் சிக்கிக்கிடந்தவர்களுக்கு, தங்கள் வீடுகளையும் தண்ணீர் சூழ்ந்திருந்த புதுக்குடிக்காரர்கள் இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். அந்த ரயிலில் தனியாகப் பயணம் செய்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைக் காப்பாற்றிய ஊருக்கு அவர்கள் பெயர் தெரியாது.

நான் போகிற பாதையில் கங்கோத்ரிக்கு முன்னால் தராலி என்ற சிற்றூர் வருகிறது. 2025 ஆகஸ்ட் 5ஆம் தேதி கீர்கங்கை ஓடை சேற்றையும் பாறையையும் அடித்துக்கொண்டு வந்து அந்த ஊரின் கடைத்தெருவையும் விடுதிகளையும் நிமிஷங்களில் மூடியது. அங்கே அந்த நேரத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. 2024 ஜூனில் ஸஹஸ்ரதால் பாதையில் பனிப்புயலில் சிக்கிக் கர்நாடகத்துக்காரர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்கள் குழுவாக, வழிகாட்டிகளோடு போனவர்கள். எனவே துணை இருந்தால் ஆபத்தில்லை என்ற சமாதானமும் எனக்கு இல்லை. துணை இருந்தால் செய்தி சீக்கிரம் கீழே வரும். அவ்வளவுதான் நிச்சயம்.

கங்கோத்ரிக்கு மேலே கைபேசி எடுக்காது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாடுகளில் தனி நடையர்கள் வைத்துக்கொள்கிற செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். ஆக, சோதனைச் சாவடியின் பதிவேட்டில் என் பெயரும் உள்ளே போன தேதியும் இருக்கும். அதைத் தவிர இன்னொரு கயிறு வேண்டும்.

என் மைத்துனன் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவன். கவிதை படிப்பவன் அல்ல. நான் போவதில் அவனுக்குச் சம்மதமும் இல்லை. விஷயத்தைச் சொன்னபோது ஏன் என்று கேட்காமல் நேரே காரியத்துக்கு வந்துவிட்டான்.

"எந்தத் தேதி எங்க இருப்பீங்கன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க அத்தான்" என்றான். "போன் வரலைன்னா எந்த நாள்லேருந்து தேடணும்னு எனக்குத் தெரியணும்லா."

"ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆகலாம்."

"அதையும் எழுதுங்க. முன்னப்பின்ன எத்தனை நாள்னு."

எழுதிக் கொடுத்தேன். உத்தரகாசியில் ஓரிரவு, ஹர்ஸிலில் ஓரிரவு, கங்கோத்ரியில் இரண்டு, போஜ்பாஸாவில் ஒன்று, மறுநாள் மாலைக்குள் திரும்பக் கங்கோத்ரி. பூங்கா அலுவலகத்தின் தொலைபேசி எண், உத்தரகாசி மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண், என் ரத்த வகை, மாத்திரைகளின் பெயர். பாதை மாறமாட்டேன், தபோவனத்துக்கு ஏறமாட்டேன் என்று ஒரு வரி. அவன் படித்துவிட்டு, "கங்கோத்ரிக்கு வந்ததும் பேசணும்னு எழுதலையே" என்றான். சேர்த்தேன். எத்தனை மணிக்குள் என்று கேட்டான். இரவு எட்டு என்று போட்டேன். எட்டரை என்று அடித்துத் திருத்தி, தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.